கறுப்புத் துணிக்கு அந்தப் பக்கம்

செத்துப்போன மனிதரைப் புரட்டுக்காரர் என்று சொல்வதற்கு இத்தனை மரியாதையான வார்த்தைகள் இருக்கின்றன என்பது அந்தக் கடிதத்தைப் படித்தபோதுதான் அவளுக்குத் தெரிந்தது. ‘தங்கள் கட்டுரையில் உள்ள அளவை எங்களால் மறுபடி எடுக்க இயலவில்லை’ என்று ஆரம்பித்து, ‘விளக்கம் அளித்தால் நன்றியுடையவர்களாவோம்’ என்று முடித்திருந்தார்கள். நடுவில் பொய் என்ற சொல் ஓரிடத்தில்கூடக் கிடையாது. படித்தவர்கள் அல்லவா, வாழைப்பழத்தில் ஊசி ஏற்றத் தெரியாதா! கடிதம் வேறொரு நாட்டு ஆய்வுக்கூடத்திலிருந்து வந்திருந்தது. அதன் நகல் கட்டுரையை வெளியிட்ட ஆய்விதழுக்கும், அவள் வேலை பார்க்கும் துறையின் தலைவருக்கும் போயிருந்தது.

கட்டுரையில் இரண்டு பெயர்கள். ஒன்று அவளுடையது, டாக்டர் பட்டத்தோடு. இன்னொன்று அவள் கணவருடையது, பட்டம் எதுவும் இல்லாமல். அவர் அந்த ஆய்வுக்கூடத்தின் கருவிக்காரர். திருகாணி முடுக்குவதிலிருந்து லேசரை நேராக்குவது வரைக்கும் எல்லாம் அவர் கைவேலை. கட்டுரை வெளியான மூன்றாவது மாதம் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. அது நடந்து வருஷம் திரும்பி, மேலே இரண்டு மாதமும் ஆகியிருந்தது.

இவ்வளவு கலாட்டாவும் ஒரு சுடரை முன்னிட்டு. பேனா பருமனில் ஒரு கண்ணாடிக் குழாய், அதைச் சுற்றி இரண்டு செப்பு வளையம், உள்ளே ஹீலியம். வளையத்துக்கு ஐயாயிரம் வோல்ட் கொடுத்தால் குழாயின் வாயிலிருந்து சுண்டுவிரல் நீளத்துக்கு ஊதா நிறத்தில் ஒரு சுடர் இறங்கும். வெற்றிடம் வேண்டாம், மூடிய பாத்திரம் வேண்டாம், நாம் மூச்சு விடுகிற இதே காற்றில் எரியும். எரியும் என்று சொல்வதுகூடத் தப்பு. விரலை நீட்டினால் ஆறிப்போன டீ அளவுக்குத்தான் இருக்கும். ஆனால் அதற்குள் ஓடுகிற எலக்ட்ரான்களின் சூடு இருபதாயிரம் டிகிரிக்கு மேல். எலக்ட்ரான்கள் எத்தனை, அவை எவ்வளவு சூடு, இந்த இரண்டும் தெரிந்தால்தான் அந்தச் சுடரை ஆறாத புண்ணின்மேல் காட்டலாமா, காட்டினால் எத்தனை நிமிஷம் என்று மருத்துவர்கள் முடிவு செய்ய முடியும்.

அளப்பதுதான் பெரும்பாடு. உள்ளே எதையாவது நுழைத்தால் சுடரே வேறு சுடராகிவிடும். அதனால் தொடாமல் அளக்க வேண்டும். பச்சை லேசரைக் குறுக்கே செலுத்தினால், எலக்ட்ரான்கள் அந்த வெளிச்சத்தில் துளியூண்டைச் சிதறடிக்கும். அதைப் பிரித்துப் பார்த்தால் கம்ப்யூட்டரில் ஒரு மேடு எழும்பும். மேடு அகலமாக இருந்தால் எலக்ட்ரான்கள் சூடாக இருக்கின்றன, பெரிதாக இருந்தால் நிறைய இருக்கின்றன. ஒரு மேடு எழும்புவதற்கு மொத்தம் இருபது நிமிஷம் லேசர் துடிக்க வேண்டும். அந்த இருபது நிமிஷமும் சுடர் இருக்கிற இடம் கும்மிருட்டாக இருக்க வேண்டும், கம்ப்யூட்டர் வெளிச்சம்கூட அங்கே போகக்கூடாது.

ஆகவே அறையை ஒரு கறுப்புத் துணி இரண்டாகப் பிரித்தது. இந்தப் பக்கம் அவள், கம்ப்யூட்டரோடு. அந்தப் பக்கம் அவர், சுடரோடு. மின்னழுத்தத்தை ஏற்றி இறக்குகிற திருகும் ஹீலியத்தின் வால்வும் அவர் பக்கம். அவர் வோல்ட் அளவைக் குரல் கொடுப்பார், அவள் எழுதிக்கொள்வாள்.

“ஆரம்பிக்கலாமா?”

“ஆரம்பி.”

அவ்வளவுதான் பேச்சு. நடுநடுவே “நிப்பாட்டு” என்பார். லேசருக்குத் தண்ணீர் குளிர்விக்கிற இயந்திரம் பக்கத்து அறையில் இருந்தது. அது சில நிமிஷத்துக்கு ஒருமுறை உதறிக்கொண்டு எழும்பும். உதறினால் எல்லாம் நூலளவு ஆடும், மேடு கலைந்துபோகும். அதனால் அது அடங்குகிற வரைக்கும் நிறுத்திவைத்து, பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். ஆட்டம் அவளுடைய கம்ப்யூட்டருக்கு வருவதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடும். “உங்களுக்குப் பாம்புக் காதுங்க” என்பாள். அவர் சிரித்துக்கொள்வதோடு சரி, பதில் சொன்னதில்லை.

சுடர் இறங்குகிற இடத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு செப்புத் தகடு. தகட்டைத் தாங்கி ஒரு கம்பி, கம்பியைத் தாங்கி முழ நீளத்துக்குக் கறுப்புப் பூச்சுப் பூசிய ஓர் அலுமினியப் பட்டை. ஆட்டம் ஏறக்கூடாது என்று பட்டையை ரப்பர் கட்டைகளின் மேல் கிடத்தியிருந்தார். ரப்பர் என்பதால் தகட்டுக்கும் தரைக்கும் மின்தொடர்பு கிடையாது. ‘எதனோடும் இணைக்கப்படாத தகடு’ என்று கட்டுரையில் எழுதியவள் அவள்தான்.

கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அதையும் எழுதியவள் அவள்தான். ‘அளவெடுக்கும்போது யாரும் எதையும் தொடக்கூடாது’ என்று கொட்டை எழுத்தில், ‘தொடக்கூடாது’ என்பதன் கீழே இரண்டு கோடு போட்டு. அவள் அப்படித்தான், கறார். ஒருமுறை அவர் டீக் கோப்பையை லேசர் மேஜையின் ஓரத்தில் வைத்துவிட்டார் என்று மூன்று நாள் வீட்டில் முகம் கொடுத்துப் பேசவில்லை. நாலாம் நாள் அவராகத்தான் வந்து, “தெரியாம வச்சுட்டேன், விட்டுடு தாயே” என்று கும்பிட்டார்.

கண்ணாடிக் குழாய்களை ஊதிக்கொடுக்கிற கண்ணாடிக்காரர்தான் அவருக்குப் பட்டப்பெயர் வைத்தது. ஒருநாள் குழாயோடு வந்தவர், துணிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, “ஏம்மா, கட்டின புருஷனைச் சிலையா நிக்க வச்சிட்டீங்களே!” என்றார். அன்றிலிருந்து அந்தக் கட்டடம் முழுக்க அவர் சிலைதான்.

சிலைக்கு ஒரு குறை உண்டு. அளவெடுத்த நாட்களில் வீட்டுக்கு வந்ததும் இடது கையை உதறிக்கொண்டே இருப்பார்.

“விரல் நுனியில எறும்பு ஊருற மாதிரி இருக்கு” என்பார்.

“சுகரா இருக்கும். டெஸ்ட் எடுங்கன்னா கேக்குறீங்களா?”

பிடுங்கல் தாங்காமல் ஒருநாள் போய் எடுத்துக்கொண்டு வந்தார். சுகர் இல்லை. “பின்ன எதுக்கு ஊருது?” என்று அவள் கேட்டாள். “வயசாகுதுல்ல” என்று சொல்லிவிட்டு அவர் டி.வி.யைப் போட்டார்.

இப்போது கடிதம் வந்துவிட்டது. கட்டுரையில் அவர்கள் சொன்னது, ஒரு கன சென்டிமீட்டருக்கு முப்பது லட்சம் கோடி எலக்ட்ரான்கள். அந்த ஆய்வுக்கூடத்துக்குக் கிடைத்தது ஒன்பது. ஒன்பதெங்கே, முப்பதெங்கே! அவளுக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. சிலை நின்று எடுத்த அளவை எவன் சந்தேகப்படுவது என்று நினைத்தாள். இரண்டே நாளில் எடுத்து அவர்கள் முகத்தில் விட்டெறிகிறேன் என்று துணியை இழுத்துவிட்டு உட்கார்ந்தாள்.

ஒன்பது வந்தது.

குழாய் பழசு என்று கண்ணாடிக்காரரிடம் புதுக் குழாய் ஊதச் சொன்னாள். ஒன்பது. ஹீலியம் சுத்தமில்லையோ என்று உருளையை மாற்றினாள். ஒன்பதரை. லேசரை அடியிலிருந்து நேராக்கி, சுடரை அணைத்துவிட்டு வெறும் காற்றில் அளவு பார்த்துச் சரி செய்துகொண்டு மறுபடி எடுத்தாள். எட்டே முக்கால். ஆறு வாரம் இப்படியே போனது. அந்தப் பக்கம் “நிப்பாட்டு” என்று சொல்ல ஆள் இல்லாததால் பாதி அளவுகள் ஆட்டத்தில் கலைந்தன. மிச்சப் பாதி ஒன்பது, ஒன்பது, ஒன்பது என்று மனப்பாடம் ஒப்பித்தன. சூடு மட்டும் பழையபடி ஏறக்குறைய சரியாக வந்தது. எண்ணிக்கைதான் ஏறவே மாட்டேன் என்றது.

ஏழாவது வாரம் அவள் செய்யக்கூடாத காரியம் ஒன்றைச் செய்தாள். துணிக்கு அந்தப் பக்கம் போய் மின்னழுத்தத் திருகை ஐயாயிரத்திலிருந்து மெல்ல மெல்ல ஏற்றினாள். ஒவ்வொரு தடவையும் ஏற்றிவிட்டு, விளக்கை அணைத்து, இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்து பார்த்தாள். ஏழாயிரத்து ஐந்நூறு வோல்ட்டில் முப்பது வந்தது.

திருகு அவர் பக்கத்தில் இருந்தது. அளவைச் சொன்னது அவர் வாய். ஐயாயிரம் என்று சொல்லிவிட்டு ஏழாயிரத்துக்கு மேல் வைத்திருந்தால் அவளுக்கு எப்படித் தெரியும்?

பழைய நோட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தாள். முப்பது, முப்பத்தொன்று, முப்பது, இருபத்தொன்பதரை, முப்பது. ஆறு வருஷமாக அந்த ஒழுங்கைப் பார்த்துப் பூரித்தவள்தான். இப்போது அதே ஒழுங்கு அவளைப் பார்த்து முறைத்தது. எந்தச் சுடர் இத்தனை ஒழுங்காக எரியும்? ‘நல்ல எண் வந்தா அவளுக்குச் சந்தோஷம்’ என்று நினைத்திருப்பாரோ? அவள் சிரிக்க வேண்டும் என்பதற்காக எதையும் செய்யக்கூடிய மனிதர்தான். அப்படி நினைத்த நிமிஷத்தில் அவர் மேல் அவளுக்குப் பாசம் வரவில்லை, வெறுப்புத்தான் வந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? வந்தது.

துறைத்தலைவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் அவளுக்குச் சண்டை போடவாவது முடிந்திருக்கும். அவர் நாற்காலியை அவள் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு பேசினார்.

“முப்பது வருதா, வரலையா?”

“ஐயாயிரத்துல வரல சார்.”

“ஏழாயிரத்து ஐந்நூறுல வருது.”

அவள் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

“இங்க பாருங்கம்மா. நீங்களா திருகைத் திருகினீங்க? இல்ல. போனவரை யாரும் திரும்பக் கூப்பிட்டுத் தூக்குல போடப் போறதில்ல. நீங்க இருக்கீங்க, வேலை இருக்கு, நாளைக்கு நோயாளி மேல படப்போற சுடர் இது. தப்பான எண்ணை வச்சு யாருக்காவது தோல் வெந்துபோச்சுன்னா? நடந்ததை மட்டும் எழுதிக் குடுங்க. ஒரு வார்த்தை கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.”

நடந்ததை மட்டும்தான் அவள் எழுதினாள். ‘அளவெடுக்கும்போது நான் கறுப்புத் துணிக்கு இந்தப் பக்கம் இருந்தேன். மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தியவர் என் கணவர். அந்தப் பக்கம் அவர் என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது.’ மூன்று வாக்கியம். மூன்றும் சத்தியம். கையெழுத்துப் போட்டபோது பேனா அது பாட்டுக்கு ஓடியது. தலைவர் தாளை வாங்கி ஒருமுறை படித்துவிட்டு, “டீ சாப்பிடுறீங்களா?” என்று கேட்டார்.

அடுத்த மாதம் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. ஆய்விதழ் ஒரு சின்ன அறிவிப்பும் போட்டது. உயிரோடிருக்கும் ஆசிரியரின் வாக்குமூலத்தின்படி, காலஞ்சென்ற ஆசிரியர் அளவீட்டுச் சூழலைத் தவறாகப் பதிவு செய்திருக்கக்கூடும் என்று. இதைவிட மரியாதையாக ஒருவர் தலையில் மண்ணைப் போட முடியாது.

யார் படிக்கப் போகிறார்கள் இதையெல்லாம் என்று அவள் நினைத்தாள். படித்தது நாத்தனார். மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள், கணவரின் ஒரே தங்கை. அந்தக் கட்டுரையில் அவளுக்கு ஒரு வரி புரியாது. ஆனால் அண்ணன் பெயர் அச்சில் வந்திருக்கிறதே! அதைப் போனில் வைத்துக்கொண்டு கடைக்கு வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம், “எங்க அண்ணன், பன்னெண்டாவதுதான் படிச்சான், பாருங்க” என்று காட்டிக்கொண்டிருந்தவள். அன்றைக்கும் யாருக்கோ காட்டப் போயிருக்கிறாள். ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்கே, சிவப்பில், பெரிய எழுத்தில் ‘திரும்பப் பெறப்பட்டது’ என்று அடித்திருந்தது.

சாயங்காலம் வந்து நின்றாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“அண்ணி, இதுக்கு என்ன அர்த்தம்?”

இவள் சொன்னாள். ஒன்பது, முப்பது, திருகு, வோல்ட் எல்லாவற்றையும் சொன்னாள். நாத்தனார் முழுசாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“அண்ணன் பொய் சொன்னான்னு நீங்க நம்புறீங்களா?”

“நம்புறதுக்கு இதுல என்ன இருக்கு? எண்ணு அப்படித்தான் சொல்லுது.”

“நான் எண்ணைக் கேக்கல. பன்னெண்டு வருஷம் கூட இருந்தது நீங்க.”

‘இல்லை’ என்று இவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏழாயிரத்து ஐந்நூறு வோல்ட் அதைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டது.

“படிக்காதவன் தலையில கட்டிட்டீங்க” என்றாள் நாத்தனார். “அவன் வந்து இல்லைன்னு சொல்ல முடியாதுல்ல, அதான் சௌகரியமாப் போச்சு. வர்றேங்க மேடம்.” அண்ணி என்று அவள் அழைத்தது அன்றைக்குக் கடைசி.

பிறகு அந்த அறையை வேறு வேலைக்குக் கேட்டார்கள். எல்லாவற்றையும் கழற்றிக் கிடங்கில் போட வேண்டும். குழாயைக் கழற்ற கண்ணாடிக்காரர் வருவதாகச் சொல்லியிருந்தார், இன்னும் வரவில்லை. காலை பதினொரு மணி. அவள் மட்டும் நின்றுகொண்டிருந்தாள். கடைசியாக ஒருமுறை எரியட்டுமே என்று ஹீலியத்தைத் திறந்து, திருகை ஐயாயிரத்தில் வைத்து, விளக்கை அணைத்தாள். அளவெடுக்க இல்லை, சும்மா பார்க்கத்தான். ஆறு வருஷம் அவள் இந்தச் சுடரை அளந்திருக்கிறாள், பக்கத்தில் நின்று நிதானமாகப் பார்த்தது பத்துத் தடவை இருக்காது.

இருட்டில் பிடிமானத்துக்காகக் கையை நீட்டினாள். அலுமினியப் பட்டை தட்டுப்பட்டது. அதன் ஓரத்தில் ஓரிடம் மட்டும் வழவழவென்று இருந்தது. பூச்சு தேய்ந்துபோயிருந்தது. விரலால் தடவிப் பார்த்தாள். நாலு விரல் பதிகிற இடம், அடியில் கட்டைவிரல் பதிகிற இடம். இடது கை. அவள் கையைவிடப் பெரிய கை. தன் விரல்களை அந்தத் தேய்மானத்தில் பொருத்தி வைத்தாள்.

சுடர் நீண்டது.

சும்மா இல்லை, சட்டென்று பிரகாசமாகி, தகட்டை எட்டிப் பிடித்துக்கொண்டு நின்றது. அவள் பயந்து கையை எடுத்தாள். சுருங்கியது. வைத்தாள். நீண்டது. விரல் நுனியில் எறும்பு ஊர்ந்தது.

ஐயோ என்று வாய்விட்டுக் கத்தினாள். கண்ணாடிக்காரர் அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்தவர், “என்னாச்சும்மா, ஷாக் அடிச்சிருச்சா?” என்று ஓடி வந்தார்.

ஷாக்தான். தகடு எதோடும் இணைக்கப்படாமல் இல்லை. தகடு கம்பியோடு, கம்பி பட்டையோடு, பட்டை ஒரு மனிதரோடு இணைந்திருந்தது. மனித உடம்பு மின்சாரத்தை வாங்கித் தேக்கிக்கொள்ளும், தரைக்குக் கொஞ்சம் வழியும் விடும். அது போதும் சுடருக்கு. குளிர்விக்கிற இயந்திரத்தின் உதறலை அவர் காதால் கேட்கவில்லை. உள்ளங்கையால் பிடித்திருக்கிறார். பட்டையில் கையை வைத்து, இருபது நிமிஷம் அசையாமல் நின்று, உதறல் ஏறுகிற அந்தக் கணத்தில் “நிப்பாட்டு” என்றிருக்கிறார். ஒரே கை, ஒரே உடம்பு, ஒரே நிலை. அதனால்தான் முப்பது, முப்பது, முப்பது. ஐயாயிரம் என்று அவர் சொன்னபோது திருகு ஐயாயிரத்தில்தான் இருந்தது.

“அண்ணே, ஒரு உதவி செய்யுங்க. கம்ப்யூட்டர்ல பச்சைப் பட்டன் இருக்கும். நான் சொல்லும்போது அமுக்குங்க, நிப்பாட்டுங்கன்னா சிவப்பை அமுக்குங்க.”

“நானா? எனக்கு ஊதத்தான்மா தெரியும்” என்று முனகிக்கொண்டே அவர் உட்கார்ந்தார்.

லேசரை எழுப்பினாள். துணியை இழுத்துவிட்டுக்கொண்டு, முதல் தடவையாக, அளவெடுக்கும்போது அவர் நின்ற மாதிரியே நின்று, கையை வைத்தாள். “ஆரம்பிங்க.” இருபது நிமிஷம் என்பது எவ்வளவு நேரம் என்று அப்போதுதான் தெரிந்தது. முட்டி வலித்தது. மூக்கு அரித்தது. எறும்புகள் மணிக்கட்டு வரைக்கும் ஏறின. ஏழாவது நிமிஷம் உள்ளங்கைக்குள் ஏதோ புரண்டது, சத்தம் எதுவும் கேட்கவில்லை. “நிப்பாட்டுங்க!” என்று குரல் கொடுத்தாள். இரண்டு வினாடி கழித்துப் பக்கத்து அறையில் இயந்திரம் உதறுகிற சத்தம் வந்தது. அது அடங்கியதும் மறுபடி “ஆரம்பிங்க” என்றாள். இப்படி ஆறு வருஷம் நின்றாரே மனுஷன் என்று இருட்டில் நின்று அழுதாள், அழுகையில்கூடக் கையை ஆட்டாமல்.

வந்தது இருபத்தொன்பது.

கண்ணாடிக்காரர் எழுந்து வந்து டார்ச் அடித்துப் பட்டையைப் பார்த்தார். “இதுவா? அவரு எப்பவும் இதுல கை வச்சுக்கிட்டுத்தானே நிப்பாரு. நான் சிலைன்னு சொன்ன அன்னிக்கே பாத்தேனே. உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்.”

“ஏன்ணே எங்கிட்ட சொல்லல?”

“யாரும்மா எங்கிட்ட கேட்டீங்க?”

அவள் நேராகத் தலைவரிடம் ஓடினாள். அவர் முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“கை வச்சாருன்னு நோட்டுல எழுதியிருக்கா?”

“இல்ல சார். பட்டையில பூச்சு தேஞ்சிருக்கு. கண்ணாடிக்காரர் பாத்திருக்காரு. இப்ப எடுத்த அளவு இருக்கு.”

“போன மாசம், அவர் என்ன செஞ்சார்னு தெரியாதுன்னு எழுதிக் குடுத்தீங்க. இந்த மாசம் தெரியும்கிறீங்க. ரெண்டுல எதை நம்புறதுன்னு கேட்டா நான் என்ன சொல்லட்டும்?” குரலில் கோபம் இல்லை, அலுப்புத்தான். “நீங்க எழுதுங்க, நான் தடுக்கல. ஆனா எதுவும் மாறாதும்மா.”

அவர் சொன்னபடியேதான் ஆனது. ஆய்விதழிலிருந்து பதினெட்டு நாள் கழித்துப் பதில் வந்தது. மனித உடல் இணைந்திருந்ததைக் கட்டுரை குறிப்பிடாததால், சூழல் தவறாகப் பதிவானது என்ற அறிவிப்பு இப்போதும் பொருந்துகிறது. மேலும் அது தங்கள் சொந்த வாக்குமூலத்தின் அடிப்படையில் வெளியானது. புதிய கண்டுபிடிப்பைத் தாங்கள் விரும்பினால் தனிக் கட்டுரையாக அனுப்பலாம். தனிக் கட்டுரையில் அவள் பெயர் மட்டும் இருக்கும். சிவப்பு எழுத்து அவர் பெயரின் மேல் இருந்த இடத்திலேயே இருக்கும்.

நாத்தனாருக்குப் போன் போட்டாள். நாலு தடவை எடுக்கவில்லை. ஐந்தாவது தடவை, மதியம், கடையில் ஆள் இல்லாத நேரத்தில் எடுத்தாள்.

“சொல்லுங்க.”

இவள் மூச்சு விடாமல் சொன்னாள். பட்டை, கை, எறும்பு, உதறல், இருபத்தொன்பது. “உங்க அண்ணன் ஒரு பொய்யும் சொல்லலம்மா. ஐயாயிரம்னா ஐயாயிரம்தான் வச்சிருக்காரு. நானே கையை வச்சுப் பாத்துட்டேன்.”

அந்தப் பக்கம் மாத்திரை அட்டைகளை அடுக்குகிற சத்தம் கேட்டது.

“எனக்கு இது தெரியும்ங்க” என்றாள் நாத்தனார். “கை, பட்டை எல்லாம் தெரியாது. அவன் பொய் சொல்லலைன்னு தெரியும். எனக்கு எந்த மெஷினும் வந்து சொல்ல வேண்டியிருக்கல.”

இவள் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

“ஒண்ணு மட்டும் கேக்குறேன். ஆறு வருஷம் கையை வச்சுக்கிட்டு நின்னவன், ஒரு நாள்கூட ஏன் உங்ககிட்ட சொல்லல?”

பதில் இவளுக்குத் தெரியும். கதவில் அவள் கையெழுத்தில், இரண்டு கோடு போட்டு, இன்னும் ஒட்டியிருந்தது.

“நான் திட்டுவேன்னுதான்” என்றாள்.

நாத்தனார் போனை வைத்தாள்.